அரியர்

வாங்குவதற்கு முந்தின இரவு
நம்பர் பிளேட்டின் ஏழு எழுத்தை போனில் தட்டினேன்.
மூன்று வயதில் முதல் எம்ஓடி,
பிறகு வருடத்துக்கு ஒரு பரீட்சை.
எல்லா மார்க் ஷீட்டையும் யாரும் பார்க்கலாம்.
மனிதரைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாத இந்த நாட்டில்
காரைப் பற்றி எல்லாம் கேட்கலாம்.

ஏழு தேர்வு. ஐந்தில் முதல் தடவையே பாஸ்.
இரண்டு அரியர்:
பின்பக்க நம்பர் விளக்கு எரியவில்லை, ஒரு வருடம்.
முன்பக்கச் சுருள்வில் முறிந்திருந்தது, ஒரு வருடம்.
இரண்டையும் அந்தந்த வாரமே எழுதி முடித்திருக்கிறது.
பதினோரு அரியரோடு
ஆறு வருடம் மெக்கானிக்கல் படித்தவன் நான்.
இந்தச் சாம்பல் நிறக் குட்டி எஸ்யூவி
என்னைவிடப் படிக்கிற பிள்ளை.

"ஏழுக்கு அஞ்சு. எழுபத்தோரு பெர்சென்ட்.
ஃபர்ஸ்ட் கிளாஸ்தான், படு" என்றாள் மஞ்சரி
போர்வைக்குள்ளிருந்து.

தூங்கவிடாதது மைல் கணக்கு.
முதல் மூன்று வருடம் ஐம்பத்தோராயிரம்.
நாலாவது வருடம் பதினேழாயிரம்.
அடுத்த வருடம்
முந்நூற்றுப் பன்னிரண்டு.
கொரோனாவுக்கு முந்தின வருடம் அது.
ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த தூரமா?
லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்களா?
வீடு இரண்டாகி
கார் யாருக்கென்று வக்கீல் பேசிக்கொண்டிருந்தாரா?
மறுவருடம் ஒன்பதாயிரம்.
அதுவரை இடது டயர் தேய்ந்துகொண்டிருந்தது,
அதன்பின் வலது.
கையெழுத்து மாறிவிட்டது.

வாங்கிவிட்டேன்.

பாரோவில் பதினான்கு வீடு, ஒரு நாளைக்கு.
கண்ணில் சொட்டு மருந்து, காலுக்கு உறை,
மைக்ரோவேவில் சூப், அடுத்த தெரு.
பாலம் தாண்டி வால்னி தீவு.
ஒரு பக்கம் கடலின் உப்பு,
பனிக்காலத்தில் கவுன்சில் கொட்டுகிற உப்பு இன்னொரு பக்கம்.

எட்டாவது தேர்வுக்குக் கண் விழித்துத் தயாரானேன்.
எல்லா பல்பும் பார்த்தாயிற்று.
டயர் பள்ளத்தில் இருபது பென்ஸ் காசை நிறுத்திப் பார்த்தாயிற்று.
வைப்பர் புதிது.
இந்தத் தடவை செண்டம்.

பரிசோதகர் போஸ்ல்த்வெய்ட்.
அவர் பெயர் என் வாயில் நுழையாது,
மணிமுடி என்பது அவர் வாயில் நுழையாது.
இருவரும் 'மேட்' என்று சமாளித்துக்கொண்டோம்.
பிரேக் சரி. புகை சரி. ஸ்டியரிங் சரி.
ஹாரனை அழுத்தினார்.

ஒன்றுமில்லை.

"கடைசியாக எப்போ அடிச்சீங்க?"

யோசித்தேன்.
நாமக்கல்காரன் நான்.
லாரிக்குப் பின்னால் எழுதிய 'ஒலி எழுப்பவும்'தான்
நான் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் பாடம்.
இங்கே வழிவிட்டதற்கு விரலைத் தூக்கி நன்றி சொல்கிறவர்களிடம்
எதற்கு அடிப்பது?
தெருவை மறித்துச் சோபா இறக்கியவர்களிடம் அடிக்கவில்லை.
வீட்டுக்கு வீடு ஓடுகிற நேரத்துக்குச் சம்பளம் கிடையாது
என்று ஆபீசில் சொன்னபோதும் அடிக்கவில்லை.
எந்த நாளில் செத்ததோ,
எனக்குத் தெரியாது.

பம்பருக்குப் பின்னால் உப்பு தின்ற ஒயர்.
நாற்பது நிமிடம், பதினெட்டு பவுண்டு.
"இப்போ அடிங்க."
ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு சத்தம்.
தகரக் கூரையின் புறா ஒன்று கிளம்பிப் போனது.
இன்னொரு தடவை அடித்தேன்.
"போதும்" என்றார்.
இன்னொரு தடவை.

பாஸ். அடிப்பாகத்தில் லேசான துரு, கவனிக்கவும்.
எட்டுக்கு ஐந்து.
"அறுபத்திரண்டரை. இன்னும் ஃபர்ஸ்ட் கிளாஸ்தான்"
என்று பதில் வந்தது மஞ்சரியிடமிருந்து.

இதை அடுத்து வாங்கப்போகிறவர்
ஏதோ ஓர் இரவில் ஏழு எழுத்தைத் தட்டுவார்.
பதினெட்டாயிரம் மைலுக்கு நேரே
ஹாரன் வேலை செய்யவில்லை என்று இருக்கும்.
விளக்கை அணைக்காமல் கொஞ்சநேரம் யோசிப்பார்:
இவ்வளவு தூரம் ஓட்டியிருக்கிறான்,
என்ன ஆளோ,
ஒருவேளை ரொம்ப சாதுவோ.

மஞ்சரியைக் கேட்டால் சிரிப்பாள்.